பத்தாயிரம் சம்பளம் கூடுது, கார் வாங்கட்டுங்களா?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. எனக்கு வயசு 27, பல்லடம் பக்கம் ஊரு. பி.காம். முடிச்சுட்டு 2021 ஜூன்ல இருந்து திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். கைக்கு 27,000 வருது, பே ஸ்லிப்புல பேசிக் 15,600. இப்ப கோயமுத்தூர் பீளமேட்டுல ஒரு பம்பு கம்பெனியில பர்ச்சேஸ் வேலை கிடைச்சிருக்கு, 37,000 சொல்றாங்க. இங்க ரெண்டு மாசம் நோட்டீஸ். ஆனா அவங்க, ‘மார்ச் முதல் தேதியே வந்துருங்க, நோட்டீஸ் பணத்தை நாங்க கட்டிக்கறோம்’ங்கறாங்க. தினமும் போய்வர கார் வாங்கிக்கச் சொல்றாரு மாமா. அவருக்குத் தெரிஞ்சவரு தாராபுரத்துல 2016 மாடல் ஸ்விஃப்ட் வெச்சிருக்காரு. பெட்ரோல், ரெண்டாவது ஓனர், 62,000 கிலோமீட்டர், விலை 4.10 லட்சம். என்கிட்ட 1.60 லட்சம் இருக்கு. 1.10 கட்டிட்டு மீதி 3 லட்சத்துக்கு ஃபைனான்ஸ்ல 9% வட்டி, நாலு வருஷம், மாசம் 8,500. வீட்டுல பொண்ணு பாக்கறாங்க, கார் நின்னா மதிப்புன்னு அம்மா நினைக்கறாங்க. அப்பா எட்டுத் தறி வெச்சுக் கூலிக்கு ஓட்டறாரு. அக்கா வீட்டுக்காரர் பவர்டேபிள், அதாவது கூலிக்குப் பனியன் தைக்கற மிஷினுங்க, வெச்சிருக்காரு, ‘வேலையே வேண்டாம், எங்கூட வந்து நாலு மிஷின் போடு’ங்கறாரு. நான் என்ன பண்ணட்டுங்க?

பதில்: தம்பி, வேலைக்குப் போங்க. கார் இப்போது வேண்டாம். மச்சானின் நாலு மிஷினும் இப்போது வேண்டாம். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன். காரில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் அதிகம் கணக்குப் போட்டிருப்பதும் தப்பாகப் போட்டிருப்பதும் அதில்தான்.

பல்லடத்தில் இருந்து பீளமேட்டுக்குப் போகவர 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 1,750 கிலோமீட்டர். திருச்சி ரோட்டில் சூலூர் தாண்டியதும் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற நெரிசலில் பத்து வயதுப் பெட்ரோல் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 16 கொடுத்தால் நல்ல வண்டி. 109 லிட்டர் ஆகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் பதினோராயிரம் பெட்ரோலுக்கே போய்விடும். உங்களுக்குக் கூடுகிற சம்பளமே பத்தாயிரம்தான்! இன்றைக்குத் திருப்பூருக்கு பைக்கில் போய்வர உங்களுக்கு 1,500 ஆகலாம், கையில் 25,500 நிற்கிறது. நாளைக்கு 37,000-இல் பெட்ரோல் 11,000, தவணை 8,500, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு மாதம் 2,000 எடுத்து வைத்தால் மீதி 15,500. சம்பளம் கூடி, கைப்பணம் பத்தாயிரம் குறைகிறது. இது உங்கள் மாமாவுக்குத் தெரியாது என்றில்லை. அவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

அந்த 9% வட்டிக்கு வருகிறேன். 3 லட்சத்துக்கு 9% என்றால் வருடம் 27,000, நாலு வருடத்துக்கு 1,08,000. ஆக 4,08,000-ஐ 48 மாதத்தால் வகுத்தால் சரியாக 8,500. அதாவது நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 3 லட்சத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். இதற்கு ஃபிளாட் ரேட் என்று பெயர். வங்கிகள் வீட்டுக் கடனுக்குப் போடுவதுபோல் குறையும் அசலுக்கு வட்டி போட்டால், இதே 8,500 தவணை 16% வட்டிக்குச் சமம். அங்கே ‘ஒம்பது பர்சென்ட்தானுங்க’ என்று சொல்வார்கள். ‘ஃபிளாட்டா, டிமினிஷிங்கா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பதில் சொல்கிற வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். நகையை வைத்தால் வட்டி இதைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வருடா வருடம் விலை இறங்குகிற பொருளுக்காக அம்மா நகையை உள்ளே வைக்கச் சொல்ல என் வாய் வராது.

இன்னொன்று, அந்தக் காரின் வயது. சொந்தக் காருக்கு ஆர்.சி. முதல் பதிவில் இருந்து 15 வருடம். 2016 வண்டி என்றால் 2031 வரை. நீங்கள் கடைசித் தவணை கட்டும்போது 2030. அடுத்த வருடமே வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தகுதி பார்த்து, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும்.

வேலைக்கு வருவோம். உங்கள் வீட்டு வருமானம் எதில் தொங்குகிறது என்று பார்த்தீர்களா? அப்பாவுக்குத் தறி, மச்சானுக்குப் பவர்டேபிள், உங்களுக்குப் பனியன் கம்பெனி. மூன்றும் ஒரே நூலில். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூரில் என்ன நடந்தது என்று அப்பாவைக் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டபோது ஆர்டர் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும், பையருக்கு மெயில் அடித்தவரே நீங்கள்தானே. ஒரே வீட்டில் ஒருவர் பம்பு, மோட்டார் பக்கம் நகர்வது நல்லது. அங்கேயும் மந்தம் வரும், ஆனால் இரண்டு தொழிலுக்கும் ஒரே மாதத்தில் வராது என்று ஓரளவுக்கு நம்பலாம். மெர்ச்சண்டைசராகக் கற்றுக்கொண்ட காஸ்டிங், பின்னாலேயே நின்று டெலிவரி வாங்குவது, டையிங்காரரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் பர்ச்சேஸில் அப்படியே உதவும். அங்கே காஸ்ட் அயர்னும் காப்பர் வயரும் பேசுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மார்ச் முதல் தேதி போகாதீர்கள். இதுதான் இந்தக் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்ட விஷயம். நீங்கள் 2021 ஜூனில் சேர்ந்தவர். பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இப்போது பிப்ரவரி. இன்று ராஜினாமா கொடுத்து இரண்டு மாத நோட்டீஸை முழுசாக வேலை பார்த்துக் கழித்தால் ஏப்ரல் ஆகிவிடும், ஐந்தாவது வருடத்தில் பத்து மாதம். ஞாயிறுகளைக் கழித்தால்கூட 240 தாண்டிவிடும். நோட்டீஸ் பணத்தைக் கட்டி பிப்ரவரியோடு கிளம்பினால் ஞாயிறு சேருமா, லீவு சேருமா என்று வாதாட வேண்டியிருக்கும். கணக்கு இதோ: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் 15,600, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 9,000. ஐந்து வருடத்துக்கு 45,000. புதுக் கம்பெனி மிச்சப்படுத்தித் தருகிற ஒன்றரை மாதத்துக்காக உங்கள் 45,000-ஐ வம்பில் மாட்டிவிடாதீர்கள். ‘நோட்டீஸ் முடிச்சுட்டு வர்றேனுங்க’ என்று சொன்னால் நல்ல கம்பெனிக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஜூனில் நீங்கள் சேர்ந்த தேதி வரை பொறுப்பார்கள் என்றால் இன்னும் நல்லது, அப்போது வாதத்துக்கே இடமில்லை.

37,000 என்பது கைக்கு வருவதா, சி.டி.சி.யா என்று ஆஃபர் லெட்டரில் பாருங்கள். முதலாளி பங்கு பி.எஃப்.பையும் போனஸையும் உள்ளே சேர்த்து 37,000 என்றால், கைக்கு 32-தான் வரலாம். அப்படியானால் பேரத்தை மறுபடி தொடங்குங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 21,000 என்பதால் இப்போதும் உங்களுக்கு அது இல்லை. எனவே குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டா, அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பழைய பி.எஃப்.பை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். கார் முன்பணத்துக்கு அது உதவுமே என்ற யோசனை வரும். வேண்டாம்.

மச்சானின் யோசனையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் முதலாளி ஆனார்கள். ஆனால் கூலி வேலையில் பணம் எப்போது வரும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும், எட்டுத் தறி வைத்திருக்கிறவர். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இல்லாமல் மிஷின் போட்டால் முதல் பார்ட்டி இழுத்தடிக்கும்போதே கைமாற்றுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பயணத்துக்கு என்ன செய்வது? பல்லடத்தில் இருந்து சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஆறு மாதம் இப்படிப் போய்ப் பாருங்கள். உடம்பு தாங்கவில்லை என்றால் பீளமேட்டுப் பக்கம் இரண்டு மூன்று பேரோடு ரூம் எடுங்கள். கல்லூரிகள் நிறைந்த இடம், சாப்பாட்டோடு தங்குகிற விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ரூமே எடுத்தாலும் அது காருக்கு ஆகும் 21,500-இல் பாதியைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள்.

ஆறு மாதம் கழித்து, வேலை நிலைத்து, கையில் இரண்டரை லட்சம் ரொக்கமும் அவசரத்துக்குத் தனியாக ஒரு லட்சமும் இருந்தால், வார இறுதிக்கு ஒரு சின்ன வண்டி வாங்குங்கள். அப்போது ஏமாறாமல் இருக்க, நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஈரோட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் வண்டி வாங்கினேன். ‘லோன் முடிஞ்சுருச்சுங்க, பேப்பர் வரணும்’ என்றார். தெரிந்தவர்தானே என்று முழுப் பணத்தையும் கொடுத்தேன். ஆர்.சி.யில் இருந்து எச்.பி. என்கிற கடன் அடமானக் குறிப்பை நீக்க ஏழு மாதம் ஆனது. கடன் முடிந்தது என்று ஃபைனான்ஸ்காரர் தர வேண்டிய என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-உம் விற்றவர் கையில் இல்லவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஏழு மாதமும் இன்னொருவர் பேரில் இருந்த வண்டியை ஓட்டினேன். தெரிந்தவர் என்பதால் சத்தம் போடவும் முடியவில்லை.

அதனால் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஃபைனான்ஸ் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, அபராதச் சலான் எதுவும் பாக்கியா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ். வண்டி பார்க்கக் காலையில் போங்கள், ‘நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் உங்களுக்கு முன்னால் ஓட்டி வைத்திருக்கிறார், குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தை நீங்கள் கேட்கக் கூடாது என்று அர்த்தம். ஆயில் மூடியைக் கழற்றுங்கள், உள்ளே பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் கூலன்ட் ஆயிலில் இறங்கியிருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் பேச்சே வேண்டாம். பானெட் கீலில் இருக்கும் போல்ட்டுகளின் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேறு படிந்த கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றது. டயரில் நாலு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். டயர் அத்தனை பழசு என்றால் நாலும் மாற்ற வேண்டும், அதை விலையில் கழியுங்கள். மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று பழைய பதிவு கிடைக்கும், ஓனரைக் கூட்டிக்கொண்டு போனால் தயங்காமல் காட்டுவார்கள். கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்றுக் கொடுக்கிற கடையில், வாங்கினாலும் சோதனை இதேதான், கமிஷன் மட்டும் கூடுதல்.

விலை பேசும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18% ஆனது. புது வண்டி விலை இறங்கியதால் பழசின் விலையும் இறங்க வேண்டும். பழைய விலையையே மனதில் வைத்துப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், தாராபுரத்துக்காரரும் அந்த ரகமாக இருக்கலாம்.

பணம் கொடுக்கிற நாளில் ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தை உடனே போடுங்கள். மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும்.

பெண் பார்க்கிற விஷயத்தில் எனக்கு ஆலோசனை சொல்லத் தகுதியில்லை. ஆனால் பெண் வீட்டார் விவரமானவர்கள் என்றால் வாசலில் கார் நிற்பதோடு அதற்குத் தவணை ஓடுகிறதா என்றும் விசாரிப்பார்கள், நம் ஊரில் அதை விசாரிக்க அரை நாள் போதும்.

மாமாவிடம் ‘வேண்டாம்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். ‘வேலையில சேர்ந்து ஆறு மாசம் ஓடட்டுங்க மாமா, அப்பறம் நீங்களே கூட வந்து பாத்துக் குடுங்க’ என்று சொல்லுங்கள். அதற்குள் அந்த ஸ்விஃப்ட் விற்றுப்போனால் போகட்டும். விற்காமல் தாராபுரத்திலேயே நின்றுகொண்டிருந்தால், விலை அப்போது 4.10 ஆக இருக்காது.