கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டால் கேஸ் நின்றுவிடுமா?

கேள்வி: பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். அப்புறம் அவர் என்னை அழைத்துப் போகவே இல்லை. மூன்று வருஷமாகக் குடியாத்தத்தில்தான் இருக்கிறேன். ஷூ கம்பெனியில் வேலை பார்த்து மகளை வளர்க்கிறேன். போன வாரம் சென்னை குடும்பநல கோர்ட்டிலிருந்து விவாகரத்து சம்மன் வந்தது. நான் அவரைக் கொடுமைப்படுத்தினேனாம், விட்டுவிட்டுப் போய்விட்டேனாம். “நீ போகலேன்னா கேஸ் அப்படியே செத்துப்போயிடும்” என்கிறார் அண்ணன். மாமியார் வீட்டிலோ, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், குடியாத்தம்)

பதில்: அன்புத் தங்கைக்கு, அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் கேஸ் சாகாது, நீங்கள் இல்லாமலேயே நடக்கும். சம்மனை வாங்க மறுத்திருந்தாலும், கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குறித்த தேதியில் உங்கள் தரப்பில் யாரும் இல்லையென்றால் ‘எக்ஸ்பார்ட்டி’ ஆக்கி, அவர் சொன்னதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வந்துவிடலாம். அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான். மேல்முறையீட்டுக் காலமும் கடந்தபின் அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் சட்டம் தடுக்காது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

வந்திருப்பது தீர்ப்பு இல்லை, அவருடைய குற்றச்சாட்டு மட்டுமே. உங்கள் பக்கத்தை இன்னும் யாரும் கேட்கவில்லை.

முதலில் சம்மனில் உள்ள தேதியைப் பாருங்கள். கம்பெனியில் அன்றைக்கு லீவு சொல்லிவிடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கு, சம்பளம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் வருஷச் சட்டமே அப்படிச் சொல்கிறது. குடியாத்தம் கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழுவைக் கேளுங்கள், இல்லையென்றால் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். சம்மன், அதோடு வந்த மனு நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பதில் மனுவுக்குப் பொதுவாக 30 நாள் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

சின்னக் குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய்வருவது உங்களால் ஆகிற காரியமா? வழக்கை வேலூர்ப் பக்கம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் மனைவியின் வசதியைக் கோர்ட் பெரும்பாலும் பார்க்கிறது. ஆனால் மாற்றும் உத்தரவோ தடையோ வரும்வரை சென்னைத் தேதிகளைத் தவறவிடக் கூடாது.

இனி, நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்கள் என்ற குற்றச்சாட்டு. இந்து திருமணச் சட்டப்படி, மனுப் போடும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 வருஷம், நியாயமான காரணம் இல்லாமல், கணவரின் சம்மதமும் இல்லாமல் விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். நீங்களோ பிரசவத்துக்கு வந்தவர். ‘எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்களே, அதைவிடப் பெரிய சாட்சி எது? அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, குழந்தைக்குச் செய்த செலவு ரசீது, சமாதானம் பேசப் போன உறவினர்களின் பெயர் எல்லாம் சேருங்கள். வருஷவாரியாக நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். கோபத்தில் கூட்டி எழுத வேண்டாம். குறுக்கு விசாரணையில் ஒரு பொய், நூறு உண்மையைக் கெடுத்துவிடும்.

பணம் கேட்க வெட்கப்படாதீர்கள். வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். வேலைக்குப் போகிறீர்கள் என்பதற்காக மட்டும் மறுத்துவிட முடியாது. இருவருமே வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகளுக்கான செலவைத் தனியாகக் கேளுங்கள். உங்களுக்குப் போட்ட நகையும் சீரும் உங்கள் சொத்து; ஞாபகம் இருப்பதை இன்றே பட்டியல் போடுங்கள்.

அந்தப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம். அதில் நகையையும் ஜீவனாம்சத்தையும் விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தால் பின்னால் உங்களுக்கு எதிராகவே அதை நீட்டுவார்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிவதென்றால் அதுவும் கோர்ட் வழியாகத்தான். இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, பொதுவாக 6 மாதம் காத்திருந்து, மறுபடி சம்மதம் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு முன் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

சேர்ந்து வாழ விருப்பமா, இல்லையா என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. குடும்பநல கோர்ட்டில் முதலில் கவுன்சலிங்குக்குத்தான் உட்கார வைப்பார்கள். விருப்பம் இருந்தால் அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் சொல்லுங்கள். அதற்குள் அவசரமாக முடிவெடுக்க வேண்டாம். தேதிக்கு அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள்.