பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆறு வருடம் ஓடிய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே சொன்னால்தான் இந்த விலை என்கிறார் டீலர். எடுக்கலாமா?

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது, கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு வரும் பழுதுச் செலவுக்காகத் தனியாகப் பணம் கட்டி எடுக்கும் ஒப்பந்தம். இன்றைக்கே சொல்ல வேண்டாம். ஒப்பந்தத்தின் முழு நகலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போங்கள். பளபளவென்று நாலு பக்கத்தில் ஒரு விளம்பரத் தாள் கொடுப்பார்களே, அது போதாது. நகல் தர மறுத்தால் அந்த வாரண்டியை மறந்துவிடலாம்.

படிக்கும்போது முதலில் ‘எவையெல்லாம் சேராது’ என்ற பகுதிக்குப் போங்கள். வாரண்டியில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில், பட்டியலில் உள்ள பாகங்களுக்கு மட்டுமே பணம் தருவார்கள். உங்கள் பாகம் பட்டியலில் இல்லையென்றால் அதோடு முடிந்தது. இன்னொன்றில், விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாமே சேரும். இரண்டாவது வகைக்கு விலை கூடுதல், ஆனால் வாதாட வேண்டிய வேலை குறைவு. அப்புறம், ஒரு கிளைமுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள், ஒவ்வொரு முறையும் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், லேபருக்கு வரம்பு உண்டா, எந்த ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும், வாங்கி எத்தனை நாள் கழித்து வாரண்டி அமலுக்கு வரும் என்று பாருங்கள். பணம் தரப்போவது கார் கம்பெனியா, டீலரா, மூன்றாவதாக ஒரு நிறுவனமா என்பதும் முக்கியம். டீலர் கடையை மூடிவிட்டால் அவர் கொடுத்த காகிதத்தை வைத்து என்ன செய்வது?

வாரண்டித் தொகையைக் கார் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி ஓடும். மாதத் தவணையில் சின்னதாகத் தெரிவதை நம்பாமல் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட் அறுந்து எஞ்சின் போய்விட்டது. வாரண்டியில் எஞ்சின் சேரும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் கிளைமை மறுத்துவிட்டார்கள். இது நியாயமா?

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். படிக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. டைமிங் பெல்ட் என்பது வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் சேர்ந்து ஓட வைக்கும் பட்டை, குறிப்பிட்ட கிலோமீட்டரிலோ வருடத்திலோ மாற்ற வேண்டிய பராமரிப்புப் பொருள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் உள்ளே நொறுங்கிவிடும். ‘எங்கள் பட்டியலில் இல்லாத பாகத்தால் வந்த சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த ஒரு வரியில்தான் எஞ்சின் கிளைம் விழுந்துபோகிறது.

பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றியதற்கு பில் இருந்தால் விடாதீர்கள். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொடர்பில்லாத வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். பில் இல்லையென்றால் ஜெயிப்பது கஷ்டம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடம் முன்பு ஆயிலை நானே மாற்றிவந்தேன், ஒழுங்காகத்தான் மாற்றினேன். ஆனால் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீதுகளை வைத்துக்கொள்ளவில்லை. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போனபோது வாரண்டி நிறுவனம் ஆதாரம் கேட்டது, என்னிடம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, ரசீதோடு போட்டோ எடுத்து வைக்கிறேன்.

இன்னொன்று: அனுமதி வாங்காமல் வேலையைத் தொடங்கினால் அதற்காகவே மறுக்கலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் கூலி யாருடையது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கிளைம் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அது உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: வாரண்டி எடுத்தால் வாங்கும் முன் மெக்கானிக்கிடம் காட்டத் தேவையில்லை அல்லவா?

தேவை, கட்டாயம் தேவை. ஏற்கெனவே இருந்த பழுதுக்கு வாரண்டி பொதுவாகப் பணம் தராது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் பரிசோதனைக்குத்தான் கொடுக்கச் சொல்வேன்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை முடக்கியிருக்கலாம். காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது, பழுதுக் குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தாமல், காரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் நின்றால், சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். காரணம் கேட்காமல் மேலே போக வேண்டாம்.

கேள்வி: என்னுடையது ஆட்டோமேட்டிக், நண்பருடையது மேனுவல். இரண்டுக்கும் ஒரே பதிலா?

இல்லை. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், முழு சர்வீஸ் பில்கள் என்று இருந்தால் நான் வாரண்டி எடுக்க மாட்டேன். அதில் அடிக்கடி செலவு வைப்பது கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்). இவற்றில் பெரும்பாலானவை தேய்மானக் கணக்கில் போய்விடும், வாரண்டி தொடாது. அந்தத் தொகையைத் தனியாகப் போட்டு வையுங்கள்.

சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், டர்போ என்று இருந்தால் கதை வேறு. இவற்றில் சின்னப் பழுதுக்கே முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வது உண்டு. அப்படியொரு பில் வந்தால் உங்களால் தாங்க முடியுமா? முடியாதென்றால் வாரண்டியை யோசிக்கலாம். ஆனால் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணு யூனிட்டின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கியர்பாக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஹைப்ரிட் கார் வாங்குகிறேன். பேட்டரிக்காக வாரண்டி எடுக்கவா?

முதலில் கம்பெனி வாரண்டி மீதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை தருகின்றன. நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை, கார் முதன்முதலில் விற்ற நாளிலிருந்து கணக்கு. அது அடுத்த உரிமையாளருக்கும் மாறும் என்றால், அந்தக் காலத்துக்கு இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: போன மாதம் வாரண்டி எடுத்தேன். இப்போது காரை விற்க வேண்டிய நிலை. பணம் திரும்ப வருமா?

ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பகுதியைப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் ஆரம்ப நாட்களில் முழுத் தொகையும், அதற்குப் பிறகு மீதிக் காலத்துக்கு ஏற்பவும் திரும்பத் தருவார்கள், கிளைம் எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. கடனில் சேர்த்திருந்தால் பணம் கடன் கொடுத்தவருக்குப் போகலாம். காரை வாங்குபவர் பெயருக்கு வாரண்டியை மாற்ற வழி இருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். சில நேரம் ரத்து செய்வதைவிட அதில் கூடுதலாகக் கிடைக்கும். எதுவாக இருந்தாலும் விற்பதற்கு முன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பெயர் மாற்றுவதற்குக் கெடு வைத்திருப்பார்கள்.