சிறுவர்களுக்கான வரலாற்றுக் கதை வரிசை: மூன்றாம் பாகத்தில் முரண்பாடு வருவது ஏன்?

முதல் பாகம் சரியாக அமைந்தும் மூன்றாவதில் கதை முட்டிக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வயதுக் கணக்குதான் காரணம். எழுதத் தொடங்கும் முன்பே ஓர் அட்டவணை போடுங்கள்: ஆண்டு, அந்த ஆண்டில் உண்மையில் நடந்தது, ஒவ்வொரு பாத்திரத்தின் வயது. முதல் பாகத்தில் நாயகிக்கு 11 வயது, நான்காம் பாகத்துப் போர் 9 ஆண்டு கழித்து என்றால் அவள் அப்போது 20 வயதுப் பெண். போரின் தேதியை நகர்த்தாதீர்கள். சிறுவர் கதைக்குச் சிறுவரே நாயகர் வேண்டும் என்பதால், கதையை அவள் தம்பியிடம் கொடுங்கள்.

தேதிகளும் ஏமாற்றும். நாட்காட்டி முறையை மாற்றியதால், 1752-இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அந்த மாதத்தில் கதை நடந்தால், இடைப்பட்ட 11 நாட்களே அங்கு கிடையாது.

அடுத்த பொறி, புழங்குபொருள்கள். 1700-இல் நடக்கும் கதையில் ஒரு சிறுமி தீக்குச்சி உரசி விளக்கேற்ற முடியாது. உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை ஆங்கிலேய மருந்தாளர் ஜான் வாக்கர் உருவாக்கியது 1826-இல். அவள் சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் தட்டி, கரியாகக் கருக்கிய துணியில் பொறி விழவைக்க வேண்டும். துணி ஈரமாகிவிட்டால் பொறி பிடிக்காது. வெளியே காலடிச் சத்தம், உள்ளே இருட்டு, கையில் நமுத்த துணி: எவ்வளவு நல்ல காட்சி! சரியான தகவல் கதையைத் தடுக்காது, கதையையே கொடுக்கும்.

ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் எது நடந்தது, எது கற்பனை என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் அதைத் தேடிப் படிப்பார்கள்.