இலவசச் சக்கர நாற்காலி ஏன் மூலையில் கிடக்கிறது?

வளரும் நாடுகளில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக வரும் வெளிநாட்டு உதவி உண்மையிலேயே பயன்படுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படுகிறது. ஆனால் வெறும் பொருளாக வந்து இறங்கும்போது பெரும்பாலும் வீணாகிறது.

சக்கர நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் வழவழப்பான தரைக்காகச் செய்த நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் மண் பாதையில் புதைந்துவிடும். பேரிங் தேய்ந்தால் மாற்று கிடைக்காது. அளவு பாராமல் கொடுத்தால் இன்னும் மோசம். தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போகலாம். பொருந்தாத இருக்கையால் வரும் அழுத்தப் புண் அவருக்குத் தெரியவே தெரியாது, சீழ் பிடித்து உயிரையும் பறிக்கலாம். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2008இல் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

செயற்கைக் காலும் ஒருமுறை கொடுத்து முடிகிற பொருள் அல்ல; குழந்தை வளர வளர மாற்றியாக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு மலிவான பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் கால் செய்யும் முறையை உருவாக்கி, உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி தருகிறது. அதன் காபூல் மையத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள்தான். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு பன்னாட்டு ஒத்துழைப்பை வலியுறுத்துகிறது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. நிதி பெரும்பாலும் சில ஆண்டுத் திட்டங்களாகவே வருகிறது. திட்டம் முடிந்தால் பட்டறையில் திறப்பு விழாப் பலகைதான் மிஞ்சும். எனவே பணியாளர் சம்பளத்தை உள்ளூர் அரசு எப்போது ஏற்கும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.