16 டிபி எஸ்எஸ்டி 3,000 ரூபாய்க்குக் கிடைக்குமா?

கேள்வி: மேசைக் கணினியில், சேமித்த படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளை நிறுவி, எங்களிடமுள்ள டிவிடி, புளூ-ரே வட்டுகளிலிருந்து ஏற்றிய படங்களைக் கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்து வருகிறோம். 1 டிபி ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. சுழலும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்காவிட்டால் படம் நின்று நின்று ஓடும் என்கிறார் கடைக்காரர். இணையத்தில் 16 டிபி எஸ்எஸ்டி 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இத்தகைய ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தபோது கழற்றிப் பார்த்தேன். பளபளக்கும் உலோகக் கூட்டுக்குள் விரல் நீளப் பலகையும் அதில் செருகிய 64 ஜிபி மெமரி கார்டும்தான் இருந்தன. 16 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை அமைத்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு தீர்ந்த பிறகு ஏற்றும் படங்களின் பெயர்கள் மட்டும் பட்டியலில் தெரியும், படம் ஓடாது. அதை நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். புகார் செய்தால் அந்த விற்பனையாளரை இணையக் கடைக்காரர்கள் நீக்குகிறார்கள். அதே பொருள் அதே புகைப்படத்துடன் வேறு பெயரில் மறுபடி முளைக்கிறது. எத்தனை ஆண்டுகளாக இந்தக் கூத்தோ!

கடைக்காரர் சொல்வதும் சரியல்ல. 4கே புளூ-ரே படத்துக்கே உச்ச அளவாக நொடிக்கு 18 எம்பி அளவுதான் தேவை. சாதாரண ஹார்ட் டிஸ்க் 100 எம்பிக்கு மேல் தரும். படம் திணறினால் வைஃபையைப் பாருங்கள்.

உங்களுக்கு ஏற்றது 3.5 அங்குல, 8 டிபி ஹார்ட் டிஸ்க். படத்துக்கு 10 ஜிபி என்றாலும் எழுநூறுக்கு மேல் கொள்ளும். முதலில் பொருத்தும்போது, வட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிபியோடு நின்றுவிடும். விண்டோஸ் 7.27 டிபி என்று காட்டுவது கணக்கு வேறுபாடே. அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. தரவு மையங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிக் கழிக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க் வட்டுகளுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிப் புதியவையாக விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஓடிய மணிக்கணக்கைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும் என்றாலும், அதையும் அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே நின்று, வட்டின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும் என்றேன், அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எஸ்எம்ஆர் வகை வட்டுகளில், கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் படிய எழுதப்படுகிறது. ஒன்றைத் திருத்த அடுத்தடுத்தவற்றையும் திருப்பி எழுத வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் சரியும். ஒருமுறை ஏற்றிப் பலமுறை பார்க்கும் உங்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் பின்னாளில் பல வட்டுகளை, ஒன்று பழுதானாலும் படங்கள் தப்பும்படி ரெய்டு முறையில் இணைக்க நினைத்தால், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். பழுதான வட்டை மாற்றி மீட்டெடுக்கும் நேரத்தில் எஸ்எம்ஆர் வட்டு காலை வாரிவிடக்கூடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை வட்டுகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. பெட்டியின் மேலேயே அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

வாங்கியதும் விரைவு ஃபார்மட் செய்யாமல், வட்டு முழுவதையும் சோதிக்கும் முழு ஃபார்மட் கொடுங்கள். அரை நாளுக்கு மேலாகும், ஓடட்டும். அதில் தேறி, படங்கள் ஏறி, நாலைந்தை ஓட்டிப் பார்க்கும்வரை பழைய 1 டிபியில் எதையும் அழிக்காதீர்கள்.