நீலக் கோட்டோடு எழுந்து போகாதீர்கள்: டிசைன் கேள்வி-பதில்

கே: ஆட்டோகேட் எனக்கு நன்றாக வரும். பாராமெட்ரிக் சாப்ட்வேரைத் தனியாக ஏன் படிக்க வேண்டும்? இரண்டிலும் கோடுதானே போடுகிறோம்?
– பாலிடெக்னிக் மாணவர், காட்பாடி

ப: கோடுதான் தம்பி. ஆட்டோகேடில் நாம் வழக்கமாகப் போடும் கோட்டுக்குத் தான் எங்கே கிடக்கிறோம் என்பது மட்டும்தான் தெரியும். பாராமெட்ரிக்கில் போட்ட கோட்டுக்குத் தான் எதற்கு இணை, எதற்குச் செங்குத்து, எந்த ஓட்டையின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதும் தெரியும். ஓர் அளவை மாற்றினால் அதை நம்பியிருக்கிற மற்றவை தாமாக நகர்ந்துகொள்ளும். 1963-இல் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற தன் வரைபட நிரலிலேயே இந்த எண்ணத்தைக் காட்டிவிட்டார். தொழிற்சாலைகளுக்குள் அதைக் கொண்டுவந்தது 1980-களின் கடைசியில் வந்த ப்ரோ-இன்ஜினியர், இன்றைய க்ரியோ. அதே வகை சாப்ட்வேரான சாலிட்வொர்க்ஸ் 1995-இல் வந்தது. ஆட்டோகேடிலும் 2010 பதிப்பு முதல் கன்ஸ்ட்ரெய்ண்ட், அதாவது இந்த இணை, செங்குத்து மாதிரியான கட்டுப்பாடு, உண்டு. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்களைத்தான் காணோம்.

கே: சாலிட்வொர்க்ஸா, க்ரியோவா, இன்வென்டரா? எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?
– குடியாத்தம் வாசகர்

ப: நீங்கள் வேலை கேட்கப் போகும் இடத்தில் எது ஓடுகிறதோ அது. ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப் படம்), எக்ஸ்ட்ரூட் (அதை இழுத்துத் திடப்பொருளாக்குவது), ரிவால்வ் (சுழற்றி உருவாக்குவது), பேட்டர்ன் (வரிசையாக நகலெடுப்பது), மேட் (பாகங்களைப் பொருத்துவது) எல்லாம் எல்லாவற்றிலும் உண்டு. ஒன்றில் கை பழகினால் அடுத்ததற்கு ஒரு மாதம் போதும். கையில் காசில்லையென்றால் ஃப்ரீகேட் இருக்கிறது; 2024 நவம்பரில் 1.0 பதிப்பே வந்துவிட்டது. திருட்டுப் பிரதி வேண்டாம். இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கே: ஒரு பிராக்கெட்டின் எடை கம்ப்யூட்டரில் ஒன்றரை கிலோ காட்டுகிறது. செய்து தராசில் வைத்தால் 12 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பட்டறையில் யாரை நம்புவது?
– சிப்காட், ராணிப்பேட்டை

ப: தராசை. நீங்கள் மெட்டீரியல் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் சாலிட்வொர்க்ஸ் உங்கள் இரும்பைத் தண்ணீராக எண்ணி, கன மீட்டருக்கு 1000 கிலோ என்று கணக்குப் போடும். இரும்புக்கு 7850. ஏறக்குறைய எட்டு மடங்கு வித்தியாசம் அங்கேதான். கிரேன் போட்டுத் தூக்குகிற சாமானில் இந்தத் தவறு வராமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்.

கே: ஃபைல் திறக்கவில்லை. அவசரம். என்ன செய்யலாம்?
– பெயர், ஊர் இல்லை

ப: என்ன ஃபைல், எந்த சாப்ட்வேர், எந்த வருடப் பதிப்பு, திரையில் என்ன எழுதி வந்தது? ஒன்றும் இல்லை. ஜோசியம் எனக்கு வராது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அது திறக்காது. அனுப்பியவரிடம் ஸ்டெப் ஃபைலாக, அதாவது பல சாப்ட்வேர்களும் திறக்கும் பொது வடிவத்தில், கேளுங்கள்.

கே: பேஸ் பிளேட்டின் நீளத்தை 200-லிருந்து 240 ஆக்கினேன். ஓட்டைகள் இடம் மாறவில்லை. தேவையில்லை என்று ஒரு ஃபில்லெட்டை (உருட்டிய மூலையை) நீக்கினேன், ஃபீச்சர் ட்ரீ (செய்த வேலைகளின் வரிசைப் பட்டியல்) முழுக்கச் சிவந்துவிட்டது. இது சாப்ட்வேரில் உள்ள பிழையா? ஃபைலை இணைத்திருக்கிறேன்.
– டிசைனர், ஆற்காடு

ப: ஃபைலை இணைத்ததற்கு நன்றி. சாப்ட்வேர் மேல் பழி போட்டதற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

திறந்து பார்த்தேன். 11 ஃபீச்சர், நான்கு ஸ்கெட்ச் நீலம். முதல் செவ்வகமே ஒரிஜினோடு (பூஜ்யப் புள்ளியோடு) கட்டப்படவில்லை. மூலையைப் பிடித்து இழுத்தேன், கயிறு அவிழ்த்த மாடு மாதிரி திரை முழுக்கத் திரிகிறது. சாலிட்வொர்க்ஸில் நீலம் என்றால் இன்னும் அளவும் உறவும் கொடுத்துக் கட்டவில்லை, கறுப்பு என்றால் கட்டியாகிவிட்டது. ஃப்ரீகேடில் கட்டி முடித்ததும் பச்சையாகும். க்ரியோ தானே சில அளவுகளைப் போட்டு நிரப்பிவைக்கும். அவை நீங்கள் யோசித்துப் போட்டவை அல்ல, வீக் டைமன்ஷன். நீங்கள் வேறொன்று போட்டதும் காணாமல் போகும். எதுவானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் கறுப்பாக்குங்கள், அப்புறம் எக்ஸ்ட்ரூட்.

அடுத்து ஓட்டைகள். வலது பக்க ஓட்டைக்கு இடது விளிம்பிலிருந்து 175 என்று அளவு கொடுத்திருக்கிறீர்கள். பிளேட் 240 ஆனாலும் 175 என்பது 175-தானே? ஓட்டை அங்கேயே நிற்கும். சரி, எப்படிக் கொடுத்திருக்க வேண்டும்? அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஃபவுண்டேஷன் போல்ட் ஏற்கெனவே கான்கிரீட்டில் புதைந்திருக்கிறதா? அப்படியானால் ஓட்டைக்கு ஓட்டை 150 என்று கட்டி, அந்த நான்கையும் ஒரிஜினுக்கு இருபுறமும் சமமாக வைத்து, பிளேட் தன் பாட்டுக்கு வளரட்டும் என்று விட வேண்டும். போல்ட் இனிமேல்தான் வரப்போகிறது, விளிம்பிலிருந்து 25 இருந்தால் போதும் என்றால் அந்தந்த விளிம்பிலிருந்து 25. படம் இரண்டுக்கும் ஒன்றுதான். அளவை மாற்றும்போதுதான் வேஷம் கலையும். கான்கிரீட்டைப் பற்றி எந்த சாப்ட்வேரும் உங்களைக் கேட்காது.

ட்ரீ சிவந்தது ஏன்? ரிப்பின் (தாங்கு விலாவின்) ஸ்கெட்சை ஃபில்லெட்டின் விளிம்பில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ஃபில்லெட் போனால் விளிம்பு போச்சு, விளிம்பு போனால் ரிப் அநாதை. ரிப்பைப் பிளேனிலிருந்து (அடிப்படைத் தளத்திலிருந்து) கட்டுங்கள். ஃபில்லெட், சாம்ஃபர் (சாய்வாக வெட்டிய விளிம்பு) எல்லாம் ட்ரீயின் கடைசியில்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். தோல் பதனிடும் டிரம் ஒன்றுக்கு நான் ஒருமுறை பிராக்கெட் வரைந்தேன். ஒரு கோட்டுக்கு அளவு போடவில்லை. எதையோ நகர்த்தும்போது அதுவும் 3 மில்லிமீட்டர் கூடவே நகர்ந்துவிட்டது. டிராயிங்கில் 147 என்று உண்மையாகவே வந்திருக்கிறது. 150-ஐத் தேடிய என் கண்ணுக்கு அது 150-ஆகவே தெரிந்தது. 40 பிளேட் வெட்டியாகிவிட்டது. மறுநாள் முழுக்க வாணியம்பாடியில் ஒரு ஷெட்டுக்குள் நானும் ஃபிட்டரும் ஓட்டைகளை அராவிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தபோதும் பேசவில்லை. அன்றிலிருந்து நீலக் கோட்டை விட்டுவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுவதில்லை.

இனி முடித்ததும் இதைச் செய்யுங்கள்: முக்கிய அளவு ஒன்றைக் கொஞ்சம் கூட்டுங்கள், அப்புறம் பாதியாக்குங்கள், சாலிட்வொர்க்ஸில் கண்ட்ரோல் க்யூ அடித்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். உடையாமல் நின்றால் வெளியே அனுப்பலாம்.

கே: ஷூ லாஸ்ட்டை (ஷூ தைக்க உதவும் கால் அச்சை) பாராமெட்ரிக்கில் செய்து, ஒரு அளவை மாற்றி எல்லா சைஸும் எடுக்க முடியுமா?
– ஆம்பூர் வாசகி

ப: நல்ல கேள்வி அம்மா. ஆனால் பாதிதான் முடியும். லாஸ்ட்டின் வளைவு கையால் இழைத்த வளைவு. நாலு ஸ்கெட்சில் அடங்காது. அதைச் சர்ஃபேஸாக, லாஸ்ட்டுக்கென்றே உள்ள சாப்ட்வேரில் வைத்துக்கொள்ளுங்கள். சோல் மோல்டு, அதன் ஓட்டைகள், பின், கூலிங் லைன் ஆகியவற்றுக்கு பாராமெட்ரிக் மிகப் பொருத்தம். ஒரு எச்சரிக்கை: எல்லாப் பக்கமும் ஒரே மடங்கில் ஸ்கேல் செய்யாதீர்கள். நீளம் ஏறுகிற விகிதத்தில் அகலம் ஏறாது. பிரெஞ்சு சைஸில் ஒரு எண்ணுக்கு 6.67 மில்லிமீட்டர், இங்கிலீஷ் சைஸில் சுமார் 8.5. ஆர்டர் எதில் வந்தது என்று பார்த்துவிட்டு பாராமீட்டரில் கை வையுங்கள்.

கே: கஸ்டமர் கொடுத்த ஸ்டெப் ஃபைலில் ஃபீச்சர் ட்ரீயே இல்லை. மறைத்துவிட்டார்களா?
– வாலாஜாபேட்டை

ப: இல்லை. சாதாரணமாக ஸ்டெப்பில் உருவம்தான் வரும், செய்த வழி வராது. இட்லி வந்திருக்கிறது, மாவு அரைத்த கதை வரவில்லை.

கே: டிராயிங்கில் பக்கத் தோற்றம் மாறி வருகிறது. லேத்காரர் திட்டுகிறார்.
– சத்துவாச்சாரி

ப: அவர் திட்டுவது சரி. நம் நாட்டு வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அதாவது வலப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்துக்கு இடப்பக்கம் வரும். உங்கள் டெம்ப்ளேட் அமெரிக்க முறையில், தேர்ட் ஆங்கிளில் இருக்கிறது; அதில் அது வலப்பக்கத்திலேயே வரும். ஷீட் ப்ராப்பர்ட்டீஸில் மாற்றி, டெம்ப்ளேட்டாகவே சேமித்துவிடுங்கள். அதே டெம்ப்ளேட்டில் அலகு அங்குலமா மில்லிமீட்டரா என்றும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய டிராயிங்கில் ஷாஃப்ட் விட்டம் 1.575 என்றிருக்கிறது; 40 மில்லிமீட்டர் அங்குலத்தில் வந்திருக்கிறது. லேத்காரர் அதையும் பார்த்திருப்பார்.