உண்ணிக்கு மருந்து அடித்தேன், பாம்பு நிமிர மாட்டேன் என்கிறது

கேள்வி: என் பால் பைதானுக்கு (ball python, வீட்டில் வளர்க்கும் ஒரு சிறிய மலைப்பாம்பு வகை) உண்ணி வந்தது. பாம்பை வெளியே எடுத்துவிட்டு, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேயைத் தொட்டி முழுக்க அடித்தேன். அரை மணி நேரத்தில் திரும்ப விட்டுவிட்டேன். தண்ணீர்க் கிண்ணம் உள்ளேயே இருந்தது. மறுநாளிலிருந்து தலையை மேலே தூக்கி ஆட்டுகிறது. மல்லாந்துவிட்டால் தானாகத் திரும்ப முடியவில்லை. பிழைக்குமா?

பதில்: கடிதம் வந்த அன்றே இவருக்கு போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாம்பை அந்தத் தொட்டியிலிருந்து எடுங்கள். மருந்து படாத பெட்டியில் வெறும் பேப்பர் விரித்தால் போதும். வெதுவெதுப்பான தண்ணீரை உடல்மீது மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். ஊற மட்டும் விடாதீர்கள். தலையைக் கட்டுப்படுத்த முடியாத பாம்பு கொஞ்சம் தண்ணீரிலும் மூழ்கிவிடும். அப்புறம் அன்றே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள், ஸ்ப்ரே டப்பாவோடு. எந்த மருந்து என்பதைப் பொறுத்து சிகிச்சை மாறும். டைக்குளோர்வாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி என்றால் முறிமருந்தாக அட்ரோபின் கொடுக்கலாம். பெர்மெத்ரினுக்கு முறிமருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, நீர்ச்சத்து ஏற்றி, சரியான வெப்பத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

ஸ்பைடர் என்ற நிற வகை பால் பைதானுக்குப் பிறவியிலேயே தலையாட்டம் உண்டு. அதனால்தான் போனில் நிறத்தைக் கேட்டேன். உங்களுடையது சாதாரண நிறம். ஆட்டமும் மருந்து அடித்த பிறகுதான் வந்திருக்கிறது. எனக்கு அந்தக் கிண்ணத்தின் மேல்தான் பெரிய சந்தேகம். உண்ணி அரிக்கும் பாம்பு தண்ணீரிலேயே சுருண்டு கிடக்கும். மருந்து விழுந்த தண்ணீரில் ஊறி, அதையே குடித்தும் இருக்கும். கிண்ணத்தை முன்பே எடுத்து, அடித்த மருந்து முழுக்கக் காய்ந்து, நெடி போகக் காற்றாட விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இதே நிலையில் வந்த ஒரு பாம்பை நான் பார்த்திருக்கிறேன். மல்லாந்தால் திரும்பவே அதற்கு மூன்று வாரம் ஆனது; பிழைத்துக்கொண்டது. உங்களுடையதும் பிழைக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் கைவிடாதீர்கள். தானாகத் திரும்பும்வரை இரை வேண்டாம்.

மிச்ச உண்ணிக்காக மறுபடி மருந்து அடிக்காதீர்கள். முட்டைகள் இருப்பது பாம்பின் மேல் அல்ல, தொட்டியின் இடுக்குகளில். மரத்துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள், தொட்டியைக் கொதிநீரில் தேய்த்துக் கழுவுங்கள், பாம்பின் பெட்டியில் தினமும் பேப்பர் மாற்றுங்கள். கண்ணோரத்தையும் தாடைக்கு அடியையும் ஒரு மாதம் தினமும் பாருங்கள்.